டிரெய்லர்: ‘தடம்புரட்டி’யா, ‘சங்கிலிநகர்த்தி’யா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பழைய பந்தய சைக்கிளையும் இன்றைய பந்தய சைக்கிளையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். முதல் பக்கத்திலேயே என்னை மறித்த சொல் ‘டிரெய்லர்’ (derailleur), அதாவது கியர் மாற்றும்போது சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் உறுப்பு. தமிழில் எழுதும்போது லாரி இழுத்துச் செல்லும் வண்டிக்கும், திரைப்பட முன்னோட்டத்துக்கும், சைக்கிளின் இந்த உறுப்புக்கும் எழுத்து ஒன்றாகிவிடுகிறது. ஆகவே இங்கே தமிழ்ச் சொல் கட்டாயத் தேவை.

நண்பர் முன்மொழிந்த ‘தடம்புரட்டி’, ‘தடம் புரளச் செய்வது’ என்று பொருள்படும் பிரெஞ்சு மூலத்துக்கு நேரானது. ஆனால் தமிழில் தடம் புரள்வது என்றாலே விபத்து. இந்த உறுப்போ சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து இறக்குவதோடு நிற்காமல், அடுத்ததில் ஏற்றியும் விடுகிறது. ஏற்றும் பாதியைச் சொல்லாத சொல் எனக்கு நிறைவு தரவில்லை.

‘கியர் மாற்றி’யும் போதாது. ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் மூன்று கியர் அமைப்பில் எல்லா மாற்றமும் பின்சக்கரக் குடத்துக்குள்ளேயே நடக்கும். சங்கிலி இடம் மாறுவதே இல்லை. அதுவும் கியர் மாற்றிதான். ஓட்டுநரின் கைக்கு எட்டும் நெம்புகோலையும் அப்படியே சொல்வோம்.

‘சங்கிலிநகர்த்தி’ என்று வைத்துப் பார்த்தேன். இத்தாலிய நிறுவனமான காம்பாக்னோலோவின் பழைய ‘கம்பியோ கோர்சா’ கியர் அமைப்பில் ஓட்டுநர் கையைப் பின்னால் நீட்டி, ஒரு நெம்புகோலால் சக்கரத்தின் பிடியைத் தளர்த்தி, இன்னொன்றால் சங்கிலியைத் தள்ள வேண்டும், அந்த நேரத்தில் பெடலைப் பின்னோக்கி மிதிக்கவும் வேண்டும். ஓடும் பந்தயத்தில் இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை. பிறகு அதே நிறுவனம் கொண்டுவந்த ‘கிரான் ஸ்போர்ட்’டில் கம்பி இழுக்க, இணைகர வடிவச் சட்டம் நகர்ந்தது. 2009இல் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ கொண்டுவந்த மின் அமைப்பில் பொத்தானைத் தொட்டால் மோட்டார் நகர்த்துகிறது. மூன்றுக்கும் சொல் பொருந்துகிறது.

பழையதற்கும் புதியதற்கும் உள்ள பெரிய வேறுபாடு நெம்புகோலில்தான் இருக்கிறது. பழைய நெம்புகோலில் படிகள் கிடையாது. உராய்வினால் மட்டுமே அது நின்ற இடத்தில் நிற்கும். சங்கிலி உரசும் ஓசையைக் கேட்டு, மயிரிழை அளவு தள்ளிச் சரிசெய்ய வேண்டும். கியர் விழுந்ததா என்பதைக் காதுதான் சொல்லும். 1980களில் பரவிய புதிய முறையில் கியருக்கு ஒரு ‘கிளிக்’. இவற்றை ‘உராய்வு நெம்புகோல்’, ‘படி நெம்புகோல்’ எனலாம். ‘படிமுறை’ என்பதை அல்காரிதத்துக்கு ஏற்கெனவே பலர் ஆள்வதால் தவிர்த்தேன்.

ஒரு மறுப்பு எழக்கூடும்: ‘நகர்த்தி’ வினையெச்சமும் ஆயிற்றே? கடத்தி, பெருக்கி, மாற்றி ஆகியவற்றுக்கும் இந்த இரட்டை வாசிப்பு உண்டு. சேர்த்து எழுதினால் குழப்பம் வராது. ஆனால் ‘முன்நகர்த்தி’ என்று சுருக்கினால் ‘முன்னே தள்ளி’ என்ற பொருள் வந்துவிடும். ஆகவே ‘முன் சங்கிலிநகர்த்தி’, ‘பின் சங்கிலிநகர்த்தி’ என முழுதாகவே எழுத விரும்புகிறேன். இதைவிடக் குறுகிய சொல் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.