விரால் போட்டி: வருடக் கோப்பையை எடை பார்த்துக் கொடுப்பதா, இடம் பார்த்துக் கொடுப்பதா?

ராமமூர்த்திநகர் தூண்டில் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரு கிழக்குப் பக்கத்துத் தூண்டில்காரர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். கே.ஆர். புரம், அல்சூர், ஆஸ்டின் டவுன், ராமமூர்த்தி நகர் என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். ஜனவரி முதல் மே வரை மாதம் ஒரு ஞாயிறு போட்டி. ஒசகோட்டைப் பக்கத்து ஏரிகளில் மீன் குத்தகை எடுத்தவரிடம் முன்கூட்டியே பேசி, ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டிவிட்டுத்தான் இறங்குவோம். மே மாதப் போட்டி மட்டும் கிருஷ்ணகிரி அணையில். விரால் வகை மட்டுமே கணக்கு. ரப்பர் தவளை, ஸ்பூன் மாதிரி போலி இரை போடலாம், உயிர் இரை கூடாது. காலை ஆறிலிருந்து பதினொன்று வரை நேரம். ஒருவருக்கு அதிகபட்சம் மூன்று மீன், அதன் மொத்த எடை நோட்டில் ஏறும். ஐந்து மாத எடையையும் கூட்டி, யாருக்கு அதிகமோ அவருக்குக் கோப்பை.

இந்த வருடம் அந்தக் கூட்டலில்தான் சிக்கல் வந்தது. ஆஸ்டின் டவுனில் பெயின்ட் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். ஐந்து போட்டிக்கும் வந்தார். இடம் 2, 3, 2, 3, 2 என்று ஒவ்வொரு முறையும் மேலேயே நின்றார். மொத்தம் 8.5 கிலோ. இன்னொருவர் ஜனவரியில் 1.2 கிலோ பிடித்து ஆறாம் இடம். அடுத்த இரண்டு போட்டிக்கு வரவில்லை. ஏப்ரலில் வந்து வெறுங்கையோடு போனார். மே மாதம் அணையில் அவருக்கு 5.5 கிலோவில் ஒரு பூவிராலும் (விராலில் பெரிதாக வளரும் வகை) 2.1 கிலோவில் ஒரு விராலும் மாட்டின. மொத்தம் 8.8. கோப்பை அவருக்குப் போனது. விதிப்படி அது சரி, அவர் மேல் யாருக்கும் கோபம் இல்லை. அந்தப் பூவிராலைக் கரைக்குக் கொண்டுவந்ததே பெரிய காரியம்.

ஆனால் பெயின்டர் அண்ணன் தூண்டில் போடுவதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆகாயத்தாமரை ஓரத்தைத் தாண்டி இலை மேலேயே தவளையைப் போடுவார். இழுக்க மாட்டார். இலை அசைவு நின்ற பிறகு இரண்டு விரல் அளவுக்கு நகர்த்துவார், மறுபடி நிறுத்துவார். தண்ணீரில் ‘பொளக்’ என்று சத்தம் கேட்டதும் நாங்கள் எல்லாம் ராடைத் தூக்கிவிடுவோம். அவர் ராடைத் தாழ்த்தி, நூல் தானாக இறுகி ஓடும்வரை பொறுத்து, அப்புறம்தான் ராடை வெடுக்கென்று தூக்குவார். தவளை வெறுமனே திரும்பி வந்து நான் பார்த்தது குறைவு. வருடம் முழுக்க இப்படி நின்றவருக்கு எங்கள் பட்டியலில் மதிப்பு இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால் அடுத்த சீசனுக்கான விதியை நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். எடைக்குப் பதிலாக இடத்துக்குப் புள்ளி கொடுக்கலாமா? ஷிஃப்ட் வேலையால் ஒரு ஞாயிறு வர முடியாதவருக்கு என்ன செய்வது? இன்னொன்று, மீனைப் பதினொரு மணிவரை பையில் வைத்திருந்து எடை போட்டுவிட்டு ஏரியில் விடுகிறோம், சில மீன் பிழைப்பதில்லை. இதற்கு வழி உண்டா? செப்டம்பரிலும் ஒரு போட்டி சேர்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், அதையும் கேட்டுவிடுகிறேன்.

ஜீவன்பீமா நகர் பாஸ் சொன்னது:

தம்பி, நான் ஒஹாயோவில் வேலை பார்த்தபோது அந்த ஊர் பாஸ் கிளப் ஒன்றில் உறுப்பினர். பாஸ் என்பது அங்கே தூண்டில்காரர்கள் விரும்பிப் பிடிக்கும் ஒரு நன்னீர் மீன். உங்கள் நோட்டில் வந்த அதே பிரச்சினை அங்கே என்றைக்கோ வந்து, அதற்கு வழியும் கண்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் பாஸ் போட்டியை ஒழுங்காக நடத்தத் தொடங்கியவர் ரே ஸ்காட். 1967-இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் முதல் போட்டி, மறு வருடம் பி.ஏ.எஸ்.எஸ். என்ற தூண்டில்காரர் அமைப்பு. அங்கே ஒரு போட்டிக்குள் வெற்றி எடையில்தான். பாஸ் போட்டியில் வழக்கமாக ஒருவருக்கு நாளுக்கு ஐந்து மீன்தான் கணக்கு. ஆனால் சீசன் பட்டியல் எடையில் ஓடாது. எந்த இடத்தில் முடித்தாய் என்பதற்குத்தான் புள்ளி. சீசன் முடிவில் அதிகப் புள்ளி எடுத்தவர் ‘ஆங்லர் ஆஃப் தி இயர்’, அதாவது வருடத்தின் சிறந்த தூண்டில்காரர். 1971-இல் மீட் ஏரியில் தொடங்கிய ‘கிளாசிக்’ வேறு, அது ஒரே போட்டியில் ஜெயிப்பவருக்கு. இரண்டுக்கும் தனித்தனி மரியாதை. பாஸ் போட்டி வீரர் ரோலண்ட் மார்ட்டினைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது அவர் ஒன்பது முறை ஆங்லர் ஆஃப் தி இயர் ஆனதைத்தான். அவர் கிளாசிக் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர் என்றால் முதலிடத்துக்கு 12, அடுத்து 11, 10 என்று இறங்கட்டும். வந்தும் மீன் கிடைக்காதவருக்கு 2, வராதவருக்கு 0. பெயின்டர் அண்ணனுக்கு 11, 10, 11, 10, 11, மொத்தம் 53. பூவிரால் பிடித்தவருக்கு ஜனவரியில் 7, ஏப்ரலில் 2, மே மாதம் 12, மொத்தம் 21. எடையில் 300 கிராம் பின்னால் இருந்தவர் புள்ளியில் இவ்வளவு முன்னால் வருகிறார் பாருங்கள். மீனுக்கு நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். அதனால் எடையை வருடம் முழுக்கக் கூட்டினால் ஒரே ஒரு பெரிய மீன் மற்ற எல்லா ஞாயிறையும் விழுங்கிவிடும்.

ஷிஃப்ட் ஆட்களுக்கு ஒரு வழி: ஐந்தில் சிறந்த நான்கை மட்டும் எண்ணுங்கள். நிறைய கிளப்புகளில் மோசமான ஒன்றைக் கழித்துவிடுவார்கள். அதற்கு மேல் சலுகை வேண்டாம். வருவதும் போட்டியில் ஒரு பகுதிதான்.

மீன் சாவது பற்றி: ரே ஸ்காட் 1972-இலேயே பிடித்த மீனை உயிரோடு விட வேண்டும் என்று ஆரம்பித்தார். செத்த மீனைத் தராசுக்குக் கொண்டுவந்தால் மீனுக்கு 4 அவுன்ஸ், அதாவது நூறு கிராமுக்குச் சற்று மேல், கழிப்பார்கள். ஆனால் உங்களுக்கு அதைவிட நல்லது கயாக் (சிறு துடுப்புப் படகு) போட்டிக்காரர்கள் செய்வது. அளவுப் பலகையில் மீனை வைத்து, அன்றைய அடையாளச் சீட்டோடு போட்டோ எடுத்து, அந்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். சென்டிமீட்டர்தான் கணக்கு, தராசே வேண்டாம். நீளத்தில் ஏமாற்றுவதும் கடினம். 2022 செப்டம்பரில் கிளீவ்லாந்தில் ‘வால்ஐ’ என்ற நன்னீர் மீனுக்கான ஒரு போட்டியில் ஜெயிக்க இருந்த இருவரின் மீன்களை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் ஈயக் குண்டுகள் கிடந்தன. வழக்கு நடந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்கும் போனார்கள். உங்கள் பன்னிரண்டு பேர் அப்படிச் செய்வார்கள் என்று சொல்லவில்லை. சந்தேகத்துக்கே இடம் தராத விதி நட்பைக் காப்பாற்றும்.

தஞ்சாவூர் விரால், கே.ஆர். புரம், சொன்னது:

புள்ளிக் கணக்கில் நான் தலையிடவில்லை. மீனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாஸ் மீனுக்குச் செய்வதை அப்படியே விராலுக்குச் செய்யாதீர்கள். விரால் செவுளை மட்டும் நம்பி வாழும் மீன் இல்லை. தலைக்குள் காற்று தங்கும் அறை உண்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை மேலே வந்து காற்று குடித்தே ஆக வேண்டும். பையில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி வாயை இறுகக் கட்டினால், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். உங்கள் பையில் நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன். பாதித் தண்ணீர், பாதிக் காற்று, வாயில் வலை. இருந்தாலும் மே மாத வெயிலில் பதினொரு மணிவரை வைத்திருப்பது கொடுமை. ஜீவன்பீமா நகர் சார் சொன்ன பலகையே மேல்.

பலகை செய்யும்போது ஒரு முனையில் குத்துக்கட்டை வையுங்கள், மூக்கு அதில் முட்டி நிற்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும். விரால் வால் வட்டமாக இருக்கும், கவை கிடையாது, அதனால் வால் நுனிவரை அளந்தால் போதும். பலகையை முதலில் ஏரித் தண்ணீரில் நனையுங்கள். வெயிலில் காய்ந்த பலகையில் வைத்தால் மேல் கொழகொழப்பு உரிந்துவிடும், அப்புறம் புண் பிடிக்கும். ஈரத் துணியால் கண்ணை மூடினால் துள்ளாமல் கிடக்கும், போட்டோ எடுக்க அந்த நேரம் போதும்.

செப்டம்பர் வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். மழை இறங்கியதும் விரால் முட்டையிடும். குஞ்சு பொரித்த பிறகு தாயும் தகப்பனும் பார்ப்பை, அதாவது குஞ்சுக் கூட்டத்தை, கூடவே இருந்து காவல் காக்கும். செக்கச்செவேலென்று ஒரு கூட்டம் தண்ணீர் மேலே கொப்பளித்துக்கொண்டு நகரும், பார்த்திருப்பீர்கள். அதன் நடுவில் தவளையைப் போட்டால் அடி நிச்சயம். அது பசியில் கடிப்பதில்லை, குஞ்சுக்கு ஆபத்து என்று கடிக்கிறது. நீங்கள் அதைக் கரைக்கு இழுத்து, அளந்து, போட்டோ எடுத்துத் திரும்ப விடுவதற்குள் ஜிலேபியும் கெளுத்தியும் பார்ப்புக்குள் புகுந்திருக்கும். உயிரோடு விட்டோம் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்த வருடத்துக் குஞ்சு போய்விட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் வாய்க்காலில் பார்ப்போடு போகும் விராலை அடிக்கிறவனைப் பெரியவர்கள் திட்டுவார்கள். மே மாதத்தோடு முடிப்பதுதான் உங்கள் சீசனில் எனக்குப் பிடித்த விஷயம்.

ஜீவன்பீமா நகர் பாஸ்:

தஞ்சாவூர்க்காரர் சொல்வது முழுக்க உண்மை. பாஸிலும் ஆண் மீன் கூட்டைக் காவல் காக்கும், அதை எடுத்தால் மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும். கனடாவின் ஒன்டாரியோவில், தெற்கே பல இடங்களில், பாஸ் முட்டையிடும் மாதங்களில் அதைப் பிடிக்கவே தடை.

அல்சூர் ரீல் சொன்னது:

நான் எதிர்க்கட்சி. இடப்புள்ளி மட்டும் போட்டால் அந்தப் பூவிராலுக்கு என்ன மரியாதை? 5.5 கிலோ பிடித்தவரும் அன்றைக்கு 1.8 கிலோவில் ஜெயித்திருக்கக்கூடியவரும் ஒரே 12 வாங்குகிறார்கள். ஒரு பெரிய மீனுக்காகத்தான் நாலு மணிக்கு எழுந்து வண்டியை எடுக்கிறோம். கோப்பை பெயின்டர் அண்ணனுக்குப் போகட்டும், மனதாரச் சொல்கிறேன். ஆனால் வருடத்தின் பெரிய மீனுக்கு என்று தனிப் பரிசு இருக்க வேண்டும். ஒவ்வொரு போட்டியிலும் ஆளுக்கு ஐம்பது ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் மே மாதம் ஒரு நல்ல தூண்டில் ரீல் வாங்கிவிடலாம். அதோடு பூவிராலையும் விராலையும் ஒரே பட்டியலில் வைக்காதீர்கள். அணையில் பூவிரால் இருக்கிறது, நீங்கள் போகும் ஏரிகளில் கிடைப்பது பெரும்பாலும் சாதா விரால். கடைசிப் போட்டியில் மட்டும் மீன் வகையே மாறினால் பட்டியல் எப்படி நியாயமாக இருக்கும்?

சிலர் அடுத்த வருடம் ஒரு போட்டியைக் காவிரியில் வைக்கலாம் என்று பேசுவதாகக் கேள்விப்பட்டேன். பீமேஸ்வரி, காலிபோரே பக்கம் எல்லாம் காவிரி வனவிலங்குச் சரணாலயம். அங்கே தூண்டில் போடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அந்த ஆற்றின் திமில் மஹ்சீர் மீன் அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

ராமமூர்த்திநகர் தூண்டில்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவே குழுவில் படித்துக் காட்டினேன். காவிரிப் பேச்சு எடுத்தவர் அவரே விட்டுவிட்டார். செப்டம்பரும் கிடையாது.

எழுதியிருப்பது இதுதான். ஒரு நாள் போட்டியில் மூன்று மீனின் நீளத்தைக் கூட்டி இடம் போடுவோம். 12 முதல் இறங்கும் புள்ளி, வந்தும் மீன் இல்லாதவருக்கு 2, ஐந்தில் சிறந்த நான்கு. பூவிரால் அன்றைய இடத்துக்குச் சேராது, பெரிய மீன் பரிசுக்கு மட்டும் சேரும். அல்சூர் அண்ணா, இதற்குப் பூவிரால் பிடித்தவரே முதலில் கை தூக்கினார். ரீல் தனக்குத்தான் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பலகை பன்னிரண்டு வேண்டும். அல்சூரில் ஒரு தச்சரிடம் ப்ளைவுட்டில் கேட்டிருக்கிறேன். அளவு எழுதிய நாடா வெயிலில் சுருங்காமல் இருக்க ஸ்டீல் டேப்பையே வெட்டி ஒட்டலாம் என்கிறார். அடையாளச் சீட்டைப் போட்டி நாள் காலையில்தான் நான் எழுதிக் கொடுப்பேன், பழைய போட்டோ வர வழியில்லை. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: இரண்டு பேர் சீசன் முடிவில் சமப் புள்ளியில் நின்றால்?

ஜீவன்பீமா நகர் பாஸ்:

முதலில், கழித்துவிட்ட அந்த ஒரு போட்டியின் புள்ளியைச் சேர்த்துப் பாருங்கள், ஐந்துக்கும் வந்தவருக்கு அது நியாயம். அப்போதும் சமம் என்றால் யாருடைய விரால் நீளமோ அவருக்கு. ப்ளைவுட்டுக்கு இரண்டு பக்கமும் வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிப்ரவரியிலேயே உப்பிவிடும்.