வாசிப்புக் குழுவுக்கு அடுத்த நாவல் எது?

கேள்வி: 8 பேர், மாதம் ஒரு கூட்டம். முதலில் எடுத்தது 700 பக்கம். 3 பேர்தான் முடித்தார்கள். அடுத்து எது எடுக்கலாம்?

பதில் 1: 200 பக்கத்தைத் தாண்டாதீர்கள். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ பொருந்தும். சிறியது, சென்னைத் தண்ணீர்ப் பஞ்சம் என்பதால் எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். அறிவிக்கும் முன் 8 பிரதி கிடைக்குமா என்று கடையில் கேட்டுவிடுங்கள்.

பதில் 2: எல்லோரும் ஒரே பதிப்பாக வாங்குங்கள். பக்க எண் மாறினால் பத்தியைத் தேடியே நேரம் போய்விடும். ‘பிடித்ததா?’ என்று தொடங்காதீர்கள், பேச்சு ‘ஆம், இல்லை’யோடு நின்றுவிடும். ‘தண்ணீர்’ நாவலில் வரும் அக்கா தங்கை ஜமுனாவும் சாயாவும் பேசும் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்து, யார் பக்கம் நியாயம் என்று கேளுங்கள். சண்டை தானாக வரும்!

கேள்வி கேட்டவர்: முடிக்காதவர்கள் வந்தால்?

பதில் 2: வரட்டும். முதல் 30 நிமிடம் பாதிக் கதை வரைக்கும்தான் பேச்சு. முடிவு அதற்கப்புறம்.