நானோ + ஆர்எஸ்485 மீட்டர் + எல்இடி ஸ்ட்ரிப்: சாஃப்ட்வேர் சீரியல் போதுமா?

பீன்யா_பேனல்

பெங்களூரு பீன்யாவில் ஒரு ஷெட்டுக்கு, மோட்டார் பேனலில் லோடு காட்டுற டிஸ்ப்ளே செய்யுறேன். போர்டு நானோ (ஏடிமெகா328பி, 16 மெகாஹெர்ட்ஸ்). எனர்ஜி மீட்டர் மாட்பஸ் (கேட்டா பதில் சொல்ற தொடர்பு முறை), செகண்டுக்கு 9600 பிட், 8என்1 (8 டேட்டா பிட், பேரிட்டி இல்ல, 1 ஸ்டாப் பிட்). மேக்ஸ்485 (ஆர்எஸ்485 சிக்னலை மாத்தித் தர்ற சிப்) வழியா டி10, டி11-ல் சாஃப்ட்வேர் சீரியல் (சீரியல் வேலையை கோடே செய்யுற லைப்ரரி). அந்த சிப் அனுப்பணுமா வாங்கணுமான்னு சொல்ற டிஇ, ஆர்இ கால் ரெண்டையும் சேர்த்து டி2-க்கு. கூடவே டபிள்யூஎஸ்2812 ஸ்ட்ரிப், 60 எல்இடி, 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை ரெஃப்ரெஷ். போர்டின் ஹார்ட்வேர் சீரியல் டி0, டி1 டீபக் பார்க்க.

ஸ்ட்ரிப்பை நிறுத்தினா ரீடிங் சுத்தமா வருது. ஓடவிட்டா பாதிக்குப் பாதி சிஆர்சி (டேட்டா சரியான்னு பார்க்கிற செக்) தப்பு. வயர் 3 மீட்டர்தான், ரெண்டு முனையிலும் 120 ஓம் இருக்கு. போர்டை மாத்தணுமா? இன்னொண்ணு, ரெண்டாவது ஓஎல்இடி போடணும், ரெண்டுக்கும் ஒரே முகவரி. அதுக்கு சாஃப்ட்வேர் ஐ2சி (டேட்டா, க்ளாக்னு ரெண்டு வயர்) போட்டா இதே தலைவலிதானா?

அல்சூர்_ஸ்கோப்

வயர் மேல தப்பில்ல சார், டைமிங்தான். டபிள்யூஎஸ்2812-க்கு ஒரு எல்இடிக்கு 24 பிட், பிட்டுக்கு 1.25 மைக்ரோசெகண்ட், ஆக 30. அறுபதுக்கு 1.8 மில்லிசெகண்ட். அந்த நேரம் முழுக்க லைப்ரரி இன்டரப்ட்டை (சிபியுவை நடுவில் கூப்பிடுற சிக்னல்) மூடி வைக்கும். 9600-ல் ஒரு பிட் 104 மைக்ரோசெகண்ட். சாஃப்ட்வேர் சீரியல் ஸ்டார்ட் பிட்டின் இறக்கத்தை இன்டரப்ட்டில் பிடிச்சு, அங்கிருந்து எண்ணித்தான் ஒவ்வொரு பிட்டையும் படிக்குது. கதவு மூடியிருக்கும்போது 17 பிட் போயிடும். ரெண்டு ரெஜிஸ்டர் கேட்டா பதில் 9 பைட், 9.4 மில்லிசெகண்ட். 20-க்கு ஒரு தடவை ஸ்ட்ரிப்பை எழுதினா பாதிக்கு மேல மோதத்தான் செய்யும்.

வேகத்தை மட்டும் பார்த்து சாஃப்ட்வேரா ஹார்ட்வேரான்னு முடிவு பண்ணாதீங்க. க்ளாக் யார் கையில இருக்குன்னு பாருங்க. ஐ2சி, எஸ்பிஐ மாஸ்டரில் க்ளாக் நம்ம கையில. நடுவில் இன்டரப்ட் வந்தா க்ளாக் கொஞ்சம் நீளும், டேட்டா கெடாது. யூஏஆர்டி (க்ளாக் வயர் இல்லாத சீரியல்) வாங்கும்போது எதிராளி யாருக்கும் காத்திருக்க மாட்டான். அங்கேதான் ஹார்ட்வேர் வேணும்.

போர்டை மாத்த வேண்டாம், இடத்தை மாத்துங்க. மீட்டரை டி0, டி1-க்குக் கொண்டுவாங்க. டீபக்கை சாஃப்ட்வேர் சீரியலின் டிஎக்ஸ் மட்டும் வச்சு, தனி யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் வழியா 38400-ல் பாருங்க. அதுவும் ஒரு பைட் அனுப்பும்போது இன்டரப்ட்டை மூடும், ஆனா 260 மைக்ரோசெகண்ட்தான். மீட்டர் பதில் முழுசா வந்தபிறகு பிரின்ட் பண்ணுங்க.

328பி-யின் ஹார்ட்வேர் சீரியலான யூஎஸ்ஏஆர்டியில் ரெண்டு பைட் பஃபர், அதுக்கு மேல ஷிஃப்ட் ரெஜிஸ்டர். 9600-ல் சுமார் 2 மில்லிசெகண்ட் யாரும் எடுக்காட்டியும் தாங்கும், உங்க 1.8 உள்ளே அடங்கும். ஆனா மீட்டரை 19200-க்கு ஏத்தினா தாங்கும் நேரம் பாதியாகும், மறுபடி பைட் விழும். ஸ்ட்ரிப் 70 எல்இடியைத் தாண்டினாலும் அதே கதை. எப்படியும், கேள்வி அனுப்பினதிலிருந்து பதில் வர்ற வரைக்கும் ஸ்ட்ரிப்பை எழுதாம இருக்கிறதுதான் நல்லது. மாட்பஸ்ஸில் கேட்காம மீட்டர் பேசாது, அதனால இது சுலபம். தானாவே அனுப்பிக்கிட்டிருக்கிற ஜிபிஎஸ் மாதிரி சாதனத்தில் இது நடக்காது.

மீட்டரை யாராவது 8ஈ1-க்கு (ஈவன் பேரிட்டி) மாத்தினா சாஃப்ட்வேர் சீரியலில் வழியே இல்ல. அது பேரிட்டி இல்லாத 8என்1 மட்டும்தான்.

இந்திராநகர்_சால்டர்

ஓஎல்இடி பத்தி. சாஃப்ட்வேர் ஐ2சி ஓடும், ஆனா தேவையான்னு முதல்ல பாருங்க. மாட்யூலைத் திருப்பினா பின்பக்கம் 78, 7ஏ-ன்னு அச்சடிச்சு, நடுவில் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும் (எல்லாத்திலும் இருக்காது). அதை 7ஏ பக்கம் மாத்தி சால்டர் பண்ணினா முகவரி மாறிடும். அச்சடிச்சது எட்டு பிட் கணக்கு. கோடில் போட வேண்டியது ஹெக்ஸ் 3சி, 3டி.

மாத்த வழியில்லாத மாட்யூல்னா டிசிஏ9548ஏ மல்டிப்ளெக்ஸர் (ஒரே முகவரிக்காரங்களைத் தனித்தனி சேனலில் பிரிக்கிற சிப்), எட்டு சேனல். 128×64 திரை ஒண்ணுக்கு 1024 பைட். 400 கிலோஹெர்ட்ஸ் ஹார்ட்வேரில் 23 மில்லிசெகண்ட். சாஃப்ட்வேரில் அதைவிட மெதுவா, சிபியு அதையே செஞ்சுக்கிட்டிருக்கும். ரெண்டு முழு பஃபர் 2 கேபி; உங்க சிப்பின் ராம் மொத்தமே அவ்வளவுதான். பக்கம் பக்கமா வரையற மோடு போடுங்க.

சாஃப்ட்வேர் ஐ2சி-தான்னு முடிவு பண்ணினா பின்னை ஹைன்னு தள்ளாதீங்க. லோவுக்கு இழுங்க, இல்லாட்டி இன்புட்டா விட்டுடுங்க. மேலே தூக்குறது 4.7 கே புல்-அப் ரெசிஸ்டர் வேலை.

பீன்யா_பேனல்

ரெண்டு பேருக்கும் நன்றி. மீட்டரை டி0, டி1-க்கு மாத்தினேன். இப்போ பதிலே வரல. கோடு அதேதான், போர்ட் பேரு மட்டும் மாறியிருக்கு.

அல்சூர்_ஸ்கோப்

கோடு அதேதான்னு சொன்னீங்களே, அங்கேதான் விஷயம். சாஃப்ட்வேர் சீரியலில் ரைட் கூப்பிட்டா, கடைசி பிட் வெளியே போனபிறகுதான் திரும்பி வரும். ஹார்ட்வேரில் பஃபரில் போட்டுட்டு உடனே திரும்பிடும். உங்க கேள்வி 8 பைட், வெளியே போக 8.3 மில்லிசெகண்ட். அதுக்குள்ள டிஇ-யை லோ பண்ணிட்டீங்க, மீட்டருக்கு அரை பைட்கூடப் போயிருக்காது. ரைட்டுக்கு அப்புறம் ஃப்ளஷ் (எல்லாம் வெளியே போகுற வரைக்கும் காத்திருக்கும்), அதுக்கு அப்புறம் டிஇ லோ. ஃப்ளஷ்ஷுக்குப் பதிலா பெரிய டிலே போடாதீங்க. மீட்டர் 4 மில்லிசெகண்டிலேயே பதிலை ஆரம்பிக்கலாம், முதல் பைட் தொலைஞ்சிடும்.

மேக்ஸ்485-ன் ஆர்ஓ காலுக்கும் (வாங்கினதை போர்டுக்குத் தர்ற கால்) டி0-க்கும் நடுவில் ஒரு ஜம்பர் வைங்க. நானோவில் யூஎஸ்பி சிப் 1 கே ரெசிஸ்டர் வழியாத்தான் டி0-க்கு வருது. ஆர்ஓ நேரடியா பிடிச்சு வச்சிருந்தா அதுதான் ஜெயிக்கும், ஸ்கெட்ச் (புரோகிராம்) ஏறாது. அப்லோட் பண்ணும்போது ஜம்பரை எடுத்துடுங்க.