பதில்: பெஸ்டெல் ஆய்வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு தொழிலை வெளியிலிருந்து பாதிக்கும் காரணிகளை அரசியல், பொருளாதாரம் என்று ஆறு தலைப்புகளில் பார்க்கும் முறைதான் பெஸ்டெல் (PESTEL) ஆய்வு. அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. இதுவரை வந்த பரிந்துரைகளை எடுத்து வைத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்கிறேன். சிறுதொழில் நடத்துபவர்களுக்கான மேலாண்மைப் பாடக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பதால் எனக்கு இதில் கொஞ்சம் அவசரம் உண்டு. அகராதியில் அழகாக உட்காரும் சொல்லைவிட, வகுப்பில் தடையில்லாமல் வாயில் வரும் சொல்தான் எனக்கு வேண்டும்.

> அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், சட்டம். முதலெழுத்துகளைச் சேர்த்து 'அபொசதொசுச ஆய்வு' என்று வைத்தால் என்ன?

வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள் ஐயா. முதலெழுத்துச் சுருக்கம் நமக்குப் புதிதல்ல, கட்சிப் பெயரெல்லாம் அப்படித்தான் வழங்குகிறது. ஆனால் இதில் 'ச' இரண்டு தடவை வருகிறது. எது சமூகம், எது சட்டம் என்று தனியாக ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், இந்த ஆறு என்ற எண்ணே நிலையானதல்ல. ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த ஃபிரான்சிஸ் அகிலார் 1967-இல் இதைப் பற்றி எழுதியபோது தலைப்புகள் நான்குதான்: பொருளாதாரம், தொழில்நுட்பம், அரசியல், சமூகம். பிறகு வரிசை மாறி, ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'பெஸ்ட்' (PEST) ஆனது. சட்டமும் சுற்றுச்சூழலும் சேர்ந்து 'பெஸ்டெல்' ஆனது. அறநெறியையும் சேர்த்து ஏழாக்கி 'ஸ்டீப்பிள்' என்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இங்கே சிலர் சொன்ன 'அறுபுற ஆய்வு', 'அறுமுக ஆய்வு' ஆகிய இரண்டுக்கும் என் வாக்கு இல்லை. முருகன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஏழாவது தலைப்பு வரும்போது முகத்துக்கு எங்கே போவது என்பதுதான் கவலை.

'புறக்காரணிப் பகுப்பாய்வு' என்று நேராக வைத்துவிடலாம் என்று மூன்று நான்கு பேர் எழுதியிருந்தீர்கள். பொருள் பிசகவில்லை. ஆனால் எந்தச் செயலுக்குப் பெயர் வைக்கிறோம் என்பதை முதலில் பேசிவிட வேண்டும். பல வகுப்புகளில் இது ஆறு கட்டம் போட்ட ஓர் அட்டவணையாகச் சுருங்கிக் கிடக்கிறது. மாணவர் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு வரி நிரப்புவார். 'அரசு நிலையாக உள்ளது', 'பணவீக்கம் உயர்கிறது', 'மக்கள் கைப்பேசி பயன்படுத்துகிறார்கள்'. எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும், எந்த நிறுவனத்துக்கும் உதவாது. இதற்குத்தான் பெயர் வேண்டுமென்றால் 'பகுப்பாய்வு' சரியே. பகுத்தாயிற்று, வேலை முடிந்தது.

உண்மையில் செய்ய வேண்டிய வேலை என்னவென்று பார்க்கத் திருப்பூர் சாயப்பட்டறைகளை எடுத்துக்கொள்ளலாம். 2011 ஜனவரிக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்டவை நின்றன. பனியன் கம்பெனிகள் துணியை வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் லாரியேற்றிச் சாயம் போட்டுக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? தீர்ப்பு என்பதால் சட்டம். நொய்யல் ஆற்றில் கலந்த உப்பும் சாயமும் என்பதால் சுற்றுச்சூழல். நீதிமன்றத்துக்குப் போனவர்கள் நொய்யல் பாசன விவசாயிகள், ஆகவே சமூகம். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்றால் கழிவுநீரை மெல்லிய சவ்வு வழியே அழுத்தி வடிகட்ட வேண்டும், மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்க வேண்டும், அது தொழில்நுட்பம். அதற்கு ஆகும் மின்சாரமும் வட்டியும் பொருளாதாரம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு பிறகு வட்டியில்லாக் கடன் கொடுத்ததே, அது அரசியல். ஒரே செய்தி ஆறு கட்டத்திலும் உட்காருகிறது. கட்டம் பிரிப்பது எதையும் மறந்துவிடாமல் இருக்க உதவும், அதற்கு மேல் அதில் சரக்கு இல்லை.

சாயப்பட்டறைக்காரர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் வேறு. இது எப்போது என் வாசலுக்கு வரும்? வந்தால் எனக்கு எவ்வளவு ஆகும்? அதற்குள் நான் என்ன செய்து முடிக்கலாம்? நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது ஊரறிந்த சங்கதி. 2006-இலேயே நீதிமன்றம் கெடு வைத்துவிட்டது. அப்புறம் கெடு நீண்டது, மறுபடி நீண்டது. அந்த நீட்டிப்புகளைப் பார்த்து, இப்படியே போய்க்கொண்டிருக்கும் என்று கணக்குப் போட்டவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். 2011-இல் மூடியபோது செய்தியே தெரியாமல் மாட்டிக்கொண்டவர் என்று யாரையும் சொல்ல முடியாது. தெரிந்த செய்தியை உரசிப் பார்க்காததுதான் சிக்கல்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியச் சரக்குகள் மேல் அமெரிக்க வரி 50 சதவீதமாக ஏறியது. அந்தத் தேதியையும் அந்த அளவையும் முன்கூட்டியே சொல்லியிருக்கக்கூடியவர் யார்? ஆனால் தன் ஆர்டரில் எத்தனை பங்கு அமெரிக்க பையரிடமிருந்து வருகிறது என்பது ஒவ்வொரு கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலும் இருந்தது. எல்லா முட்டையையும் அங்கேயே வைத்திருந்தவருக்கும், ஐரோப்பாவுக்கும் உள்நாட்டுக்கும் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தவருக்கும் அந்த 50 சதவீதம் ஒன்றல்ல. அதே மாதம் 19-ஆம் தேதிதான் மத்திய அரசு பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரியைத் தற்காலிகமாக நீக்கியது. நூல் வாங்கி உள்நாட்டுக்குப் பனியன் தைப்பவர் இரண்டாவது செய்தியை முதலில் படித்திருப்பார். வெளியே நடப்பது எல்லோருக்கும் பொது. அதன் எடை ஆளுக்கு ஆள் மாறும்.

ஆக, நாம் தேடும் சொல்லில் இரண்டு சாயல் இருக்க வேண்டும். ஒன்று, ஓயாமல் வெளியே பார்த்துக்கொண்டிருப்பது. இன்னொன்று, பார்த்ததைத் தன் நிலையோடு உரசித் தரம் காண்பது. இந்த அளவுகோலை வைத்து மிச்சப் பரிந்துரைகளைப் பார்க்கிறேன்.

> வள்ளுவரே சொல் தந்துவிட்டார். 'வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்'. 'புறந்தூக்கல்' என்று வைக்கலாமே.

குறள் அருமையானது, இடம்தான் வேறு. அங்கே எடை போடப்படும் நான்கும் வலிமைகள். எதிரி இருக்கிறான், துணை இருக்கிறான், நான் இருக்கிறேன். நம் வலிமை, பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்காகப் பார்க்கிற 'ஸ்வாட்' பாடத்துக்கு அதை முகப்பில் வைக்கலாம். பஞ்சு வரிக்கு எதிரியும் தெரியாது, துணையும் தெரியாது, திருப்பூரில் நீங்கள் ஒருவர் இருப்பதே தெரியாது. அப்படிப்பட்டவற்றுக்கு அடுத்து வரும் காலமறிதல், இடனறிதல் அதிகாரங்கள்தான் பக்கத்தில் நிற்கின்றன. மேலும் 'தூக்கு' என்றால் இன்று யாருக்கும் தராசு நினைவுக்கு வராது, சிறைச்சாலைதான் வரும்.

அந்த அதிகாரப் பெயர்களின் வார்ப்பில் 'புறமறிதல்' என்று ஒருவர் முன்வைத்தார். இது எனக்கு இரண்டாவது விருப்பம். காதுக்கு இனிமை, விளக்கமே வேண்டாம். ஆனால் அறிவதோடு அது நின்றுவிடுகிறது. சாயப்பட்டறைக்காரர்களும் அறிந்துதான் இருந்தார்கள்.

'புறச்சூழ்வு' என்ற பரிந்துரைதான் என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்தது. சூழ்தல் என்றால் சுற்றி நிற்பதும் ஆகும், ஆராய்வதும் ஆகும். 'ஊதியமும் சூழ்ந்து செயல்' என்ற குறளில் அது ஆராய்தல். 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்பதில் சூழ்ச்சி கலந்தாய்வுதான், தொலைக்காட்சித் தொடரில் மாமியார் செய்வதல்ல. சுற்றியிருப்பதையும் அதை ஆராய்வதையும் ஒரே வேர் தாங்குவது அபூர்வம். ஆனால் கலைச்சொல்லுக்கு அந்த அபூர்வமே இடைஞ்சல். பார்க்கப்படும் பொருளுக்கு ஒரு சொல், பார்க்கும் செயலுக்கு ஒரு சொல் என்று இரண்டும் பிரிந்து நிற்க வேண்டும். 'புறச்சூழல்' ஏற்கனவே பொருளுக்கு நிலைத்துவிட்டது. பக்கத்திலேயே 'புறச்சூழ்வு' என்றால் மாணவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார்.

என் பரிந்துரை: புறநோட்டம்.

புறம் + நோட்டம், புறநானூறு மாதிரி மகரம் கெட்டுப் புணர்ந்தது. நோட்டம் என்பது காசும் பொன்னும் நல்லதா கெட்டதா என்று சோதித்துப் பார்ப்பதற்குக் கடைத்தெருவில் வழங்கிய சொல். அந்த வேலையைச் செய்தவர் நோட்டக்காரர். கையில் வந்து விழும் ஒவ்வொரு நாணயத்தையும் திருப்பிப் பார்த்து, தட்டி, உரசி, இது செல்லும், இது செல்லாது, இதற்கு வட்டம் (மதிப்பில் கழிவு) உண்டு என்று சொல்லுவார். ஓயாத பார்வையும் உண்டு, தரம் காண்பதும் உண்டு. அதுவும் வணிகத்துக்குள்ளேயே பிறந்த சொல், வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டியதில்லை.

அகிலார் பிரித்த வகைகளுக்கும் இது ஒத்துப்போகிறது. அவர் மேலாளர்கள் வெளியுலகச் செய்தியைப் பெறும் விதங்களை நான்காகச் சொன்னார். குறிப்பிட்ட தேவை இல்லாமல் பொதுவாகப் பார்த்துக்கொண்டிருப்பது, சில துறைகளில் மட்டும் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு பார்ப்பது, ஒரு தகவலை அளவாகத் தேடுவது, திட்டம் போட்டு முறையாகத் தேடுவது. இரண்டு பார்வை, இரண்டு தேடல். 'பகுப்பாய்வு' என்ற சொல் கடைசி வகைக்கு மட்டும்தான் பொருந்தும். காலையில் தேநீர்க் கடையில் நூல் விலையைப் பற்றிக் காதில் விழுவதையும் சேர்த்துக்கொள்ளும் அகலம் நோட்டத்துக்கு உண்டு. சிறுதொழில்காரர்களுக்கு முதல் இரண்டு வகையில் வருவதுதான் அதிகம், அவர்களுக்குத் தனியாக ஆய்வுத் துறையா இருக்கிறது?

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். 'புதிய யூனிட் போடுவதற்கு முன் புறநோட்டம் பார்த்தார்களா?' 'இந்த ஆண்டுப் புறநோட்டத்தில் பாலியெஸ்டர் துணிக்குக் கூடிவரும் கிராக்கி முதலிடத்தில் வந்தது.' 'எங்கள் புறநோட்டம் அமெரிக்காவோடு நின்றுவிட்டது, வங்கதேசத்துக்கு ஐரோப்பாவில் கிடைக்கும் வரிச்சலுகையைக் கணக்கில் எடுக்கவில்லை.' எனக்கு எங்கும் இடறவில்லை.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று தெரியும். 'பூட்டிய வீட்டை நோட்டமிட்ட மர்ம நபர்' என்று செய்தித்தாளில் படித்துப் படித்து இந்தச் சொல்லுக்குத் திருட்டு வாடை ஏறிவிட்டது. உண்மைதான். ஆனால் அந்த வாடை நோட்டம் இடுவதிலும் நோட்டம் விடுவதிலும்தான் இருக்கிறது. நோட்டம் பார்ப்பது வேறு. ஆகவே இதற்கு 'பார்' என்பதையே துணைவினையாகப் பரிந்துரைக் குறிப்பில் சேர்த்துவிட வேண்டும். இன்னொரு பக்கம் யோசித்தால், அடுத்தவன் எங்கே போகிறான், சந்தையில் என்ன மாறுகிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பதில் கொஞ்சம் கள்ளத்தனம் இருந்தால்தான் என்ன? வியாபாரம்தானே.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய ஆசிரியை ஒரு நல்ல கேள்வி கேட்டிருந்தார்.

> எங்களிடம் வணிகச் சூழல், அகச்சூழல், புறச்சூழல் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். புதிதாக ஒன்றைப் புகுத்தினால் அவை போய்விடுமா?

போகக் கூடாது. புறச்சூழல் என்பது வெளியே இருப்பது, புறக்காரணி என்பது அதில் நம்மைத் தொடும் ஒவ்வொன்றும், புறநோட்டம் என்பது நாம் செய்வது. ஆறு தலைப்போ ஏழு தலைப்போ போட்டு நிரப்பும் தாளுக்குப் 'புறக்காரணி அட்டவணை' என்று தனிப்பெயர் கொடுத்துவிட்டால், அட்டவணையை நிரப்பியதும் வேலை முடிந்தது என்ற எண்ணமும் குறையும். 'பெஸ்டெல் அட்டவணை' என்று சொல்பவர்கள் அப்படியே சொல்லட்டும், அது ஒரு குறிப்பிட்ட வார்ப்பின் பெயர். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து 'சுற்றுச்சூழல் ஆய்வு' என்று யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை என்று ஆகிவிடும்.

போட்டியாளர், வாடிக்கையாளர், சரக்கு கொடுப்பவர் என்று தொழில்துறைக்குள்ளேயே நிற்கும் சக்திகளைப் பார்ப்பதற்கு மைக்கேல் போர்ட்டர் 1979-இல் கொடுத்த ஐந்து விசை முறை இருக்கிறது. அதையும் புறநோட்டத்துக்குள் அடக்கலாமா, அல்லது அதைத் 'துறைநோட்டம்' என்று பிரிக்கலாமா? நான் பிரிக்கவே விரும்புகிறேன். நூல் மில்காரரோடு உட்கார்ந்து விலை பேசலாம், அமெரிக்க வரியோடு பேச முடியாது. இதில் அழுத்தமான மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

'உத்தி' என்பதா, 'வியூகம்' என்பதா, இலங்கையில் வழங்கும் 'தந்திரோபாயம்' என்பதா என்று சிலர் இடையில் ஆரம்பித்திருக்கிறீர்கள். அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள். இதிலேயே கலந்தால் இரண்டும் முடியாது.

அன்புடன்.