அருளின் கோபத்துக்குக் காரணம் சொல்ல வேண்டாமா?

தங்கச்சிமடத்தான்:
ஞாயிறு இரவு எங்கள் ஊர்த் திருமண மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய சுயாதீனப் படத்தைப் பார்த்தேன். வராதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் அருள், விசைப்படகில் கூலிக்குப் போகும் அப்பா, கடல்பாசி எடுக்கும் அம்மா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் அப்பா வீட்டில். பையன் முறைக்கிறான், கதவை உதைக்கிறான், கடைசியில் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறான். ஏன் என்று படம் வாய் திறக்கவில்லை. இந்தக் கரையில் காரணத்துக்கா பஞ்சம்? இலங்கைக் கடற்படையின் கைது, சிறை, திரும்பி வராத படகு, கடன். ஒன்றையும் தொடாத படத்தை எங்கள் படம் என்று எப்படி ஏற்பது?

பாம்பன் வாடைக்காற்று:
அண்ணே, காரணம் படத்திலேயே இருக்கிறது. மற்ற மாதங்களில் திங்கள், புதன், சனி என்று படகு போகும். அப்பா கரையேறுவார், தூங்குவார், மறுபடி போய்விடுவார். வீட்டின் ஆண்பிள்ளை அருள்தான். குழம்பில் மீன் தலை அவன் தட்டுக்கு வரும். தடைக்காலம் தொடங்கிய அன்று, நாட்டுப்படகுக்காரர் கொடுத்த மீனைக் குழம்பு வைத்து, அம்மா தலையை அப்பாவின் தட்டில் வைக்கிறாள். அவன் சோற்றில் கை வைக்காமல் எழுந்துவிடுகிறான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கச்சத்தீவை 1974இல் கொடுத்த கதையைப் பேச எத்தனையோ மேடைகள் இருக்கின்றன. அந்தத் தட்டைப் பற்றிப் பேச இந்தப் படம்தான் இருக்கிறது.

சின்னப்பாலம் மகள்:
தம்பிகளா, இருவரும் பையனையே சுற்றுகிறீர்கள். அந்த அம்மா பாசிக்குப் போய் வந்து விரல்களில் சுற்றிய துணியை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறாளே, அது சத்தியமான காட்சி. பாறை கிழித்த விரல் உப்புத் தண்ணீரில் எப்படி எரியும் என்று என் அம்மாவைக் கேட்டால் தெரியும். ஆனால் பணம் போன பிறகு அவள் என்ன ஆனாள்? கேமரா பையன் பின்னாலேயே ராமநாதபுரம் பஸ் நிலையத்துக்குப் போய்விடுகிறது. டிக்கெட்டுக்குப் போக மீதியை அப்படியே கொண்டுவந்து வைக்கிறான், அவளும் “சாப்பிடு” என்கிறாள். இதை நான் நம்பவில்லை. என் தம்பி ஒருமுறை வீட்டுப் பணத்தை எடுத்தபோது அம்மா மூன்று மாதம் அவனோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். பிள்ளைக்குக் கோபம் உண்டு, அவளுக்குக் கிடையாதா?

பாம்பன் வாடைக்காற்று:
அக்கா சொல்வது சரி. அந்த ஓர் இரவு அவள் என்ன செய்தாள் என்று காட்டியிருக்க வேண்டும். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

தங்கச்சிமடத்தான்:
நான் ஏன் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினைந்து வயதில் அப்பா அக்கரையில் பிடிபட்டு நான்கு மாதம் வரவில்லை. பள்ளியில் நான் அடிக்காத பையன் இல்லை. ஆசிரியர்கள் ரவுடி என்றார்கள், ஒருவரும் காரணம் கேட்கவில்லை. திரையிலும் யாரும் கேட்காதபோது எனக்கு அதே வலிதான் வந்தது. தட்டுக் காட்சியை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த ஞாயிறு பாம்பனில் போடுகிறார்களாம், அதற்காகவே வருகிறேன். கைதைத் தொடாதது குறைதான் என்பதில் என் பேச்சு மாறாது.

சின்னப்பாலம் மகள்:
வாருங்கள் தம்பி. அம்மாவையும் அழைத்து வருகிறேன்.