கெட்டுப்போன பக்கத்தை மேலே வைத்துப் படுக்கச் சொன்னது ஏன்?

தூக்கம்கெட்டவன்:
அப்பாவுக்குப் போன மாதம் வலது நுரையீரலில் நிமோனியா. வார்டில் ஒரு ராத்திரி மாஸ்க் போட்டும் விரலில் மாட்டுகிற கருவியில் ஆக்சிஜன் அளவு 88, 89 என்றே நின்றது. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் வலி குறைவு என்று அவர் அப்படியே படுத்திருந்தார், நானும் விட்டுவிட்டேன். பன்னிரண்டு மணி வாக்கில் வந்த சிஸ்டர், "என்ன சார், கெட்ட பக்கத்தைக் கீழ போட்டு வச்சிருக்கீங்க" என்று கேட்டபடியே முதுகுக்கு ஒரு தலையணையை முட்டுக் கொடுத்து அவரை இடது பக்கம் திருப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் 93. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், நன்றாக இருக்கிறார். ஆனால் எனக்கு இன்னும் புரியவில்லை. நல்ல நுரையீரல் மேலே இருந்தால்தானே தாராளமாக விரியும்? அதை உடம்புக்கு அடியில் போட்டு நசுக்கினால் ஆக்சிஜன் எப்படி ஏறும்?

மயக்கமருந்துக்காரன்:
காற்றை மட்டும் பார்க்கிறீர்கள், இரத்தத்தை விட்டுவிட்டீர்கள்.

இதயத்தின் இடது பக்கம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை உடம்பு முழுக்கத் தள்ளுகிறது என்றால், வலது பக்கம் அதே 5 லிட்டரை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. ஆனால் கையில் பட்டை கட்டிப் பார்க்கும்போது 120/80 இருக்கிற அழுத்தம், நுரையீரல் தமனியில் ஏறக்குறைய 25/10தான். நிற்கும்போது நுரையீரலின் உச்சிக்கும் அடிக்கும் இடையே சுமார் 30 செ.மீ. உயரம் இருக்கிறது, அவ்வளவு உயர இரத்தத்தின் எடையே அதே கணக்கில் 22, 23 வரும். அதனால் நுரையீரலுக்குள் இரத்தம் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். ஒருக்களித்துப் படுத்தால் கீழே இருக்கிற நுரையீரலுக்குப் பெரிய பங்கு போகும்.

அப்பா வலது பக்கம் படுத்திருந்தபோது அந்தப் பெரிய பங்கு போனது சளியும் நீரும் அடைத்த காற்று நுண்ணறைகளுக்கு. போன இரத்தம் போன மாதிரியே திரும்பி வந்து நல்ல இரத்தத்தோடு கலந்திருக்கும். மாஸ்க் போட்டும் ஏறாததற்கு இதுவே காரணம்: அடைத்த இடத்துக்கு ஆக்சிஜன் போகாது, நல்ல பக்கத்து இரத்தமோ ஏற்கெனவே நிரம்பிவிட்டது, அதற்கு மேல் பெரிதாக ஏற்றிக்கொள்ளாது.

நசுங்கும் என்ற பயமும் வேண்டாம். விழித்திருக்கிற பெரியவர்களுக்குக் கீழ்ப்பக்க உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சு இழுக்கிற தசை) வயிறு தள்ளுவதால் மேலே ஏறி நிற்கும், அதனால் மூச்சு இழுக்கும்போது நன்றாகவே இறங்கும். காற்றும் கீழ்ப்பக்கத்துக்கே கூடுதலாகப் போகிறது.

நர்சிங்_இரண்டாமாண்டு:
அண்ணா, ஒரு சந்தேகம். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நுரையீரல் இரத்தக்குழாய் தானே சுருங்கிக்கொள்ளும் என்று படித்தோமே? அப்படியானால் கெட்ட பக்கத்துக்கு இரத்தமே போயிருக்கக் கூடாதே?

மயக்கமருந்துக்காரன்:
நல்ல கேள்வி தங்கச்சி. 1946இல் ஸ்வீடனில் ஃபான் ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் என்ற இருவர் பூனைகளில் காட்டியது அது. கால் தசையில் ஆக்சிஜன் குறைந்தால் குழாய் விரியும், ஏனென்றால் அங்கே இரத்தம் போவது ஆக்சிஜனைக் கொடுக்க. நுரையீரலுக்குப் போவது வாங்க, அதனால் காலியான கடைக்கு ஆளை அனுப்பாமல் அந்த வழியை மூடுகிறது. இதற்கு மூளையின் உத்தரவெல்லாம் தேவையில்லை, சின்னத் தமனிகளின் தசையே நுண்ணறையில் ஆக்சிஜன் குறைந்ததை உணர்ந்து சுருங்குகிறது.

நுரையீரல் ஆபரேஷனில் ஒரு பக்கத்துக்குக் காற்றை நிறுத்துவோம். மானிட்டரில் எண் மெல்ல இறங்கும். நான் கையைப் பிசைந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன். பல பேருக்கு அரை மணி நேரம் போனால் நாங்கள் ஒன்றும் செய்யாமலே எண் திரும்ப ஏறத் தொடங்கும், காற்றில்லாத பக்கத்துக் குழாய்கள் சுருங்கிவிட்டன என்று அர்த்தம்.

ஆனால் நிமோனியாவில் அழற்சியே இந்தச் சுருக்கத்தை மழுங்கடித்துவிடும். வழி பாதிதான் மூடும். மிச்ச வேலையை அன்றைக்கு அந்தச் சிஸ்டரின் தலையணை செய்திருக்கிறது.

மலைப்பைத்தியம்:
இதே சுருக்கம் லடாக்கில் இருக்கிற லே நகருக்குப் போகிறவர்களுக்கு வில்லன். 3,500 மீட்டர் உயரம், விமானத்தில் போய் இறங்கிய அன்றைக்கே பைக்கை எடுத்தால் கேட்கவே வேண்டாம். அங்கே காற்றிலேயே ஆக்சிஜன் குறைவு, எனவே நுரையீரல் முழுக்கக் குழாய்கள் சுருங்கும், அதுவும் ஒரே சீராக இல்லை. அழுத்தம் எகிறி, சுருங்காத பகுதிக்குள் இரத்தம் மோதி, மெல்லிய தந்துகிகளிலிருந்து நீர் கசியும். எங்கள் குழுவில் ஒருவனுக்கு இரண்டாம் ராத்திரி படுக்க முடியாத இருமல், காலையில் இளஞ்சிவப்பு நுரை. ஆக்சிஜன் கொடுத்துக் கீழே இறக்கியதில் பிழைத்தான்.

பழையசிஸ்டர்:
இதைப் படித்துவிட்டு எல்லாரையும் நல்ல பக்கம் கீழே போட்டுவிடாதீர்கள். கெட்ட பக்கத்தில் இரத்தக் கசிவோ சீழ்க்கட்டியோ இருந்தால் அந்தப் பக்கம்தான் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் நல்ல நுரையீரலுக்குள் வடிந்துவிடும். கைக்குழந்தைகளுக்கும் கணக்கு வேறு, அவர்களுக்கு மேல்பக்கத்துக்குத்தான் காற்று நன்றாகப் போகும். வார்டில் கேட்டுவிட்டுத் திருப்புங்கள்.

தூக்கம்கெட்டவன்:
எல்லாருக்கும் நன்றி. இப்போது புரிகிறது. அப்பா என்னடாவென்றால் டிவி பார்க்கும்போதுகூட வலது பக்கம் சாய மாட்டேன் என்கிறார். இனி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் படுக்கலாம்தானே?

பழையசிஸ்டர்:
மறுபடி எடுத்த எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதென்று டாக்டர் சொல்லிவிட்டாரா? அப்படியானால் தாராளமாக.