தொட்டி பழக்கல்: செடி வளர்க்கும் புது மீன்தொட்டியின் முதல் வாரங்களுக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம். புது மீன்தொட்டியில் கழிவை மாற்றும் பாக்டீரியா குடியேறும் வரை காத்திருப்பதை ஆங்கிலத்தில் "சைக்கிளிங்" என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் அதற்கு என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்று நீங்கள் எழுதிய கருத்துகளுக்கு என் பதில் இது.

> "சைக்கிளிங்" என்பதற்குச் "சுழற்சியாக்கம்" போதும். நைட்ரஜன் சுழற்சி என்று பாடநூலில் ஏற்கெனவே இருக்கிறது.

எனக்கு உடன்பாடில்லை, ஐயா. காட்பாடியில் எங்கள் தெருப் பையனிடம் நான் இந்தச் சொல்லைத்தான் சொன்னேன். "மீன் விடும் முன் ஒரு மாதம் தொட்டியைச் சுழற்சியில் வை" என்றேன். மோட்டார் ஓடித் தண்ணீர் சுழன்றால் போதும் என்று அவன் எண்ணிவிட்டான். செடி நட்ட மூன்றாம் நாளே பத்து மீன்களை விட்டு, விளக்கை இரவும் பகலும் எரியவிட்டான். இரண்டாம் வாரம் கண்ணாடியில் பழுப்புப் படலம், பிறகு இலைகளில் பச்சை நூல். நான்கு மீன்கள் செத்துப்போயின. அவன் அழுததைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மீன் கழிவிலிருந்தும் அழுகும் இலையிலிருந்தும் மீனுக்கு நஞ்சான அம்மோனியா வருகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்குகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்குகிறது. இவை வடிகட்டிப் பஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருகப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். செடிகளும் அதுவரை சரியாக வேர் பிடித்திருக்காது. வெளிச்சமும் மிகுந்துவிட்டால் அந்த இடைவெளியில் பாசி புகுந்துகொள்கிறது.

இதற்குத் "தொட்டி பழக்கல்" என்பதை முன்மொழிகிறேன். புதுத் தோசைக்கல்லை வாங்கிய அன்றே தோசை வார்ப்பதில்லை. எண்ணெய் தடவிக் காயவைத்துப் பழக்குகிறோம். பழக்கிய கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் மறுபடி ஒட்டும். தொட்டிக்கும் அதேதான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பஞ்சைக் கழுவினால் பாக்டீரியா அழிந்து, பழக்கியது வீணாகும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில்தான் அலச வேண்டும். வேறெந்தச் சொல்லும் இந்த எச்சரிக்கையைத் தானே சொல்லாது.

> எங்கள் இராணிப்பேட்டையில் "பதனிடல்" எல்லோருக்கும் தெரிந்த சொல். அதை ஏன் விட வேண்டும்?

அழகான சொல்தான், அக்கா. ஆனால் தோலைப் பதனிடுவது அது அழுகாமல் காக்க, நுண்ணுயிர் அண்டாமல் தடுக்க. தொட்டியில் நாம் நுண்ணுயிரைக் குடியேற்றுகிறோம். பொருள் தலைகீழாகிவிடும்.

> மீனைப் புது நீருக்குப் பழக்குவதோடு குழம்பாதா?

குழம்பும். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் "பழக்கல்" என்று தனியே எழுதாமல் "தொட்டி" சேர்த்தே எழுதக் கேட்கிறேன். மீனுக்கு "நீரிணக்கம்" என்று வைக்கலாம்.

இன்னொன்று. கடையில் "வேலம்பாசி" என்று விற்பது பூக்கும் செடி, பாசி அன்று. பட்டியலில் "நீர்ச்செடி" என்றே இருக்கட்டும்.

பழகிய தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டைப் புதுத் தொட்டியில் வைத்தால் காத்திருக்கும் காலம் குறையும். பாலுக்கு உறை ஊற்றுவது போல. அதற்கு "உறைப்பஞ்சு" என்று எழுதியிருக்கிறேன். மாற்றுச் சொல் இருந்தால் தெரிவியுங்கள்.

அந்தப் பையன் மறுபடி தொடங்கியிருக்கிறான். என் தொட்டியிலிருந்து உறைப்பஞ்சு கொடுத்தேன். விளக்கு நாளுக்கு ஆறு மணி நேரம்தான்; வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறான். இன்று பதினோராம் நாள். கண்ணாடியில் லேசான பழுப்பு மட்டும் இருக்கிறது. "எப்போது மீன் விடலாம்" என்று கேட்காமல், "தொட்டி பழகிவிட்டதா" என்று கேட்கிறான்.